முக்குருத்தி தேசியப் பூங்கா: வரையாடும் மலைப் புல்வெளியும்

முக்குருத்தி தேசியப் பூங்கா தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில், உதகமண்டலத்துக்கு மேற்கே, மலையின் விளிம்பில் அமைந்துள்ளது. இதன் பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டைக் காப்பதற்காக 1982-ஆம் ஆண்டு வனவிலங்கு சரணாலயமாகவும், 1990-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும் இது அறிவிக்கப்பட்டது. 1986-இல் உருவான நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் இது அடங்கும். 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலும் இது ஒன்று.

பள்ளி மாணவர்களைச் சுற்றுச்சூழல் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் "மரம் நடுவோம், மழை பெறுவோம்" என்றுதான் முடிப்பார்கள். சமவெளிக்கு அது நல்ல அறிவுரை. ஆனால் முக்குருத்தியின் வரலாற்றைப் படித்தால், மரம் நட்டதாலேயே ஒரு மலை துன்பப்பட்டது என்பது தெரியவரும். அந்த வரலாற்றை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைவிடமும் நில அமைப்பும்

பூங்காவின் கிழக்குப் பக்கம் நீலகிரிப் பீடபூமியின் மெல்லிய ஏற்ற இறக்கங்களாக இருக்கும். மேற்குப் பக்கம் செங்குத்தான பாறைச் சரிவுகளாகக் கேரளத்தின் நிலம்பூர்க் காடுகளை நோக்கி இறங்கும். தென்மேற்கில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா இருக்கிறது. முக்குருத்திச் சிகரம் 2,554 மீட்டர் உயரமும் கொலாரிபெட்டா 2,630 மீட்டர் உயரமும் கொண்டவை.

இங்கே தென்மேற்குப் பருவமழை மிகக் கடுமையாகப் பெய்யும். குளிர்காலத்தில் இரவில் உறைபனி விழும். இந்த உறைபனிதான் நிலத்தின் தோற்றத்தைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. மலை மடிப்புகளில், நீரோடை ஓரங்களில், காற்றுக்கு மறைவான இடங்களில் மட்டும் குட்டையான மரங்கள் அடர்ந்த காடு வளரும். அதற்குச் சோலை என்று பெயர். திறந்த சரிவுகளில் சோலை மரக் கன்றுகள் பனியிலும் காற்றிலும் பிழைப்பது கடினம். அங்கே புல்தான் வளரும். இப்படிச் சோலையும் புல்வெளியும் மாறிமாறி இருப்பதே இந்த மலையின் இயல்பான முகம். காடு அழிந்ததால் உண்டான வெட்டவெளி என்று இந்தப் புல்வெளியை நினைத்துவிடக் கூடாது. இது மிகப் பழமையான, தனக்கென்று செடிகளும் விலங்குகளும் கொண்ட நிலம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் இத்தகைய புல்வெளிகளில்தான் பூக்கிறது.

வரையாடு

'வரை' என்றால் மலை. மலையில் வாழும் ஆடு வரையாடு. சங்க இலக்கியத்தில் இது 'வருடை' என்ற பெயரில் குறிஞ்சி நில விலங்காக வருகிறது. உலகில் வேறெங்கும் இல்லாமல், தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களின் மலைகளில் மட்டுமே வாழ்கிறது.

ஆங்கிலேயர் இதை முதலில் 'நீலகிரி ஐபெக்ஸ்' என்று அழைத்தனர். 1838-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. நெடுங்காலம் இமயமலைத் தாரின் உறவாகவே கருதப்பட்டது. 2005-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இது செம்மறியாட்டுக்கே நெருக்கமானது என்று காட்டியதால் 'நீலகிரிட்ராகஸ்' என்ற தனிப் பேரினத்தில் வைக்கப்பட்டது. வெள்ளாட்டையும் செம்மறியாட்டையும் சேர்த்தே 'ஆடு' என்று சொல்லும் தமிழில், வரையாடு என்ற பெயர் மாற வேண்டிய தேவை வரவில்லை.

வளர்ந்த கிடாயின் முதுகில் வெளிறிய சேணம் போன்ற பட்டை இருக்கும். பெட்டை ஏறத்தாழ ஆறு மாதம் சினையாக இருந்து பெரும்பாலும் ஒரு குட்டியே போடும். குட்டிகள் பெரும்பாலும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் பிறக்கும். சிறுத்தை, புலி, செந்நாய் ஆகியவை இதன் எதிரிகள். அவற்றிடமிருந்து தப்ப வரையாட்டுக்கு இரண்டு பாதுகாப்புகள் உண்டு. ஒன்று, எட்டத்தில் வருவதைப் பார்க்கத் திறந்த புல்வெளி. மற்றொன்று, ஓடி ஏற அருகிலேயே செங்குத்துப் பாறை. புல்வெளியில் மரம் வளர்ந்து பார்வை மறைந்தால் முதல் பாதுகாப்பு போய்விடும். மேய்ச்சலும் குறைந்துவிடும்.

தோடர்களும் முக்குருத்தியும்

நீலகிரிப் பீடபூமியின் தொல்குடிகளில் தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள். அவர்களுடைய குடியிருப்பு மந்து எனப்படும். அவர்களுக்கு முக்குருத்தி புனிதமான மலை. இறந்தவரின் உயிர் அந்தச் சிகரத்தின் வழியாகவே மறு உலகம் செல்கிறது என்பது அவர்களின் நம்பிக்கை. 1901-02 காலத்தில் தோடர்களிடையே தங்கி ஆராய்ந்த ரிவர்ஸ் என்ற மானிடவியல் அறிஞர் 1906-இல் வெளியிட்ட நூல் அவர்களின் சடங்குகளையும் இடங்களையும் விரிவாகப் பதிவு செய்துள்ளது.

தோடர்களின் எருமைகள் மேய்ந்தது இந்தப் புல்வெளியில். அவர்களின் கோயில் கூரை வேயப்படுவது சதுப்பு நிலத்தில் வளரும் குறிப்பிட்ட புல்லால். ஆகவே புல்வெளி குறையும்போது வரையாட்டோடு சேர்ந்து ஒரு மக்களின் வாழ்க்கை முறையும் இழப்புக்கு உள்ளாகிறது.

துப்பாக்கியும் முதல் சட்டமும்

1819-இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறிய பிறகு ஆங்கிலேயர் குடியேற்றம் வேகமெடுத்தது. 1870 முதல் சென்னை மாகாண அரசு கோடைக்காலத்தில் உதகைக்கு இடம்பெயர்ந்து செயல்பட்டது. கோட்டையிலிருந்து வந்த அதிகாரிகளுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் வேட்டை முக்கியமான பொழுதுபோக்கு. சில பத்தாண்டுகளிலேயே வேட்டை விலங்குகள் குறைந்துவிட்டன.

குறைவதை முதலில் உணர்ந்தவர்களும் வேட்டைக்காரர்களே. 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தொடங்கப்பட்டது. 1879-இல் சென்னை மாகாணம் நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. வேட்டைக்கு உரிமம் வேண்டும், குறிப்பிட்ட காலத்தில் வேட்டையாடக் கூடாது என்ற முறை வந்தது. வரையாடுகளில் முதிர்ந்த கிடாய்களை மட்டுமே சுடலாம் என்ற கட்டுப்பாடும் நடைமுறைக்கு வந்தது.

இந்தப் பாதுகாப்பின் நோக்கம் விலங்கின் நலன் அல்ல, அடுத்த ஆண்டும் சுடுவதற்கு விலங்கு வேண்டும் என்பதுதான். ஆனாலும் அதன் பயனை மறுக்க முடியாது. பெட்டைகளும் குட்டிகளும் தப்பியதால் மந்தைகள் முற்றாக அழியவில்லை. அதே சங்கம் பிற்காலத்தில் நீலகிரி வனவிலங்கு மற்றும் சுற்றுச்சூழல் சங்கமாகப் பெயர் மாறி, காப்பு வேலையில் ஈடுபட்டது. மூணாற்றில் 1928-இல் தோட்டத் துறையினர் அமைத்த சங்கமும் இதே வழியில்தான் நடந்தது. அதன் காவலில் இருந்த நிலம்தான் 1978-இல் இரவிகுளம் தேசியப் பூங்காவாயிற்று. இன்று வரையாடுகள் மிகுதியாக வாழும் இடம் அது.

மரம் நட்ட காலம்

துப்பாக்கி அடங்கிய பிறகு வேறொரு ஆபத்து மெல்ல வளர்ந்தது. குடியேறியவர்களுக்கு விறகு தேவைப்பட்டது. சோலை மரங்கள் மெதுவாக வளர்பவை. எனவே 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டசும் வாட்டிலும் கொண்டுவரப்பட்டன. நீலகிரி மக்கள் யூகலிப்டசைக் கற்பூர மரம் என்றும் வாட்டிலைச் சீகை மரம் என்றும் சொல்வார்கள்.

விடுதலைக்குப் பிறகு இந்த நடவு அரசுத் திட்டமாகவே விரிந்தது. கருஞ்சீகை மரத்தின் பட்டையில் தோல் பதனிட உதவும் டானின் இருக்கிறது. தமிழ்நாட்டின் தோல் தொழிலுக்கு அது தேவைப்பட்டது. செயற்கை இழை ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டியிருந்தது. அன்றைய அதிகாரிகள் கண்ணில் புல்வெளி பயனற்ற தரிசாகப் பட்டது. ஏட்டில் தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தில் மரம் நடுவதை நாட்டுப்பணி என்றே எல்லோரும் கருதினர். இதே காலத்தில் நீர்மின் திட்டங்களும் வந்தன. பைக்காரா மின்நிலையம் 1932-இலும் முக்குருத்தி அணை 1938-இலும், குந்தா திட்டத்தின் அணைகள் 1950-களிலும் 1960-களிலும் கட்டப்பட்டன. அவற்றுக்காகப் போட்ட சாலைகள் தொலைவான மலைகளையும் எட்டச் செய்தன.

இவ்வளவுக்கும் விலை என்ன? நீலகிரியைப் போன்ற நிலமான பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று அது கூறுகிறது. மரத் தோட்டமும் வேளாண்மையும் அந்த இடத்தைப் பிடித்தன. சீகை மரம் நட்ட இடத்தோடு நிற்பதில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ எரிந்த பிறகு கூட்டமாக முளைக்கும்.

எண்ணத் தொடங்கியவர்கள்

ஒரு விலங்கைக் காப்பதற்கு முன் அது எத்தனை இருக்கிறது என்று தெரிய வேண்டும். இந்த வேலையில் முன்னோடி, நீலகிரியில் வாழ்ந்த வழக்கறிஞர் ஈ. ஆர். சி. டேவிதார். 1960-களில் நீலகிரியிலும், 1975 முதல் வரையாடு வாழும் மலைகள் முழுவதிலும் நடந்து கணக்கெடுத்தார். அவருடைய கட்டுரைகள் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தன. ஜார்ஜ் ஷேலர் என்ற அமெரிக்க விலங்கியல் அறிஞரும் 1969-இல் வரையாடுகளை ஆராய்ந்தார்.

சென்னை மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் (இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை) வாழ்ந்த மா. கிருஷ்ணனை (1912–1996) இங்கே குறிப்பிடுவது பொருத்தம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கை பற்றி எழுதியவர். 1950 முதல் இறக்கும் வரை ஓர் ஆங்கில நாளிதழில் தொடர்ந்து பத்தி எழுதினார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அயல்நாட்டு மரங்களை நம் காடுகளில் நடுவது தவறு, மண்ணுக்குரிய செடிகொடிகளைக் காக்காமல் விலங்குகளைக் காக்க முடியாது என்பதை அவர் விடாமல் வலியுறுத்தினார். மரம் நடுவதை எதிர்ப்பது விந்தையாகத் தோன்றிய காலத்தில் அவர் அதைச் சொன்னார் என்பதே சிறப்பு.

சரணாலயம், தேசியப் பூங்கா

1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை முதல் அட்டவணையில் வைத்து வேட்டைக்கு முற்றாகத் தடை விதித்தது. பத்தாண்டுகள் கழித்து 1982-இல் முக்குருத்தி சரணாலயமாயிற்று. 1990-இல் தேசியப் பூங்கா ஆயிற்று.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சரணாலயத்தில் கால்நடை மேய்ச்சல் போன்ற சில உரிமைகளை அனுமதியுடன் தொடரலாம். தேசியப் பூங்காவில் கால்நடை மேய்ச்சலுக்கு இடமில்லை. பாதுகாப்பு மிகக் கடுமையானது. இதனால் வரையாட்டுக்கு நன்மை கிடைத்தது. ஆனால் எல்லைக்கோடு மட்டும் போதவில்லை. கோட்டுக்குள்ளேயே சீகையும், மஞ்சள் பூப் பூக்கும் அயல்நாட்டு முட்புதர்களும் இருந்தன. அவற்றைச் சட்டப் புத்தகம் பிடுங்கிப் போடாது.

புல்வெளியை மீட்கும் பணி

சென்னை உயர் நீதிமன்றம் காடுகளிலுள்ள அயல் தாவரங்களை அகற்றுமாறு தொடர்ந்து உத்தரவிட்டு வந்திருக்கிறது. ஆனால் வெட்டுவது வேலையின் தொடக்கம்தான். வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் புதைந்து கிடக்கும் சீகை விதைகள் ஆயிரக்கணக்கில் முளைக்கும். ஆண்டுதோறும் அவற்றைக் கையால் பிடுங்க வேண்டும். மண்ணுக்குரிய புற்களை நாற்றங்காலில் வளர்த்து நட வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய சீகைத் தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலை மரக் கன்றுகள் முளைத்திருக்கின்றன. அங்கே எல்லாவற்றையும் வெட்டினால் இளஞ்சோலையும் போய்விடும் என்று சில ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். எந்த இடத்தில் வெட்டுவது, எந்த இடத்தில் விடுவது என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாயில், 2022 முதல் 2027 வரை ஐந்தாண்டுக்கு நீலகிரி வரையாடு திட்டத்தை வகுத்தது. 2023 அக்டோபரில் அது தொடங்கி வைக்கப்பட்டது. ஒரே நேரத்தில் எல்லா மலைகளிலும் கணக்கெடுத்தல், சில ஆடுகளுக்குக் கழுத்துப் பட்டை பொருத்தி நடமாட்டம் அறிதல், முன்பு வாழ்ந்த இடங்களில் மீண்டும் குடியேற்றுதல், மேல்பவானிப் பகுதியில் புல்வெளியை மீட்டல் ஆகியவை அதில் அடங்கும். டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

2024-இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. 2025-இல் அது 1,303 ஆயிற்று. இரண்டாம் முறை கூடுதல் இடங்களில் தேடினார்கள் என்பதால் வேறுபாடு முழுவதையும் பெருக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் முக்குருத்தியும் ஆனைமலையின் புல்மலையும்தான் பெரிய கூட்டங்கள் வாழும் இடங்கள். ஒரு மாநிலத்தின் அடையாள விலங்கு, நம் ஊரில் ஒரு பெரிய பள்ளியின் மாணவர் எண்ணிக்கை அளவுக்கே மிஞ்சியிருக்கிறது.

சென்னைக்கும் இந்த மலைக்கும் உள்ள உறவு

அடையாறில் குழாயைத் திறப்பவருக்கும் முக்குருத்திக்கும் என்ன தொடர்பு? மலைப் புல்வெளி மழைநீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்து மெல்ல மெல்ல விடுகிறது. இந்தப் பகுதியிலிருந்து பவானி ஆறு புறப்படுகிறது. அது பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. காவிரியின் நீர் கொள்ளிடம் வழியாகக் கீழணைக்கு வந்து, வடவாற்றில் வீராணம் ஏரிக்குச் செல்கிறது. 2004 முதல் புதிய வீராணம் திட்டத்தின் குழாய்களில் சென்னைக்கு வருகிறது. நம் குடத்து நீரில் சில துளிகள் அந்த மலைப் புல்லின் வேரைத் தொட்டு வந்தவையாக இருக்கலாம்.

இன்னொரு பாடம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கிண்டி தேசியப் பூங்கா 1978-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். அதன் சிறப்பு விலங்கு வெளிமான். அந்தப் பெயரிலேயே 'வெளி' இருக்கிறது. அதற்கும் வேண்டியது திறந்த புல்தரைதான். காடு அடர அடர வெளிமானுக்கு இடம் குறைகிறது. பக்கத்திலேயே புள்ளிமான் மரநிழலில் வாழப் பழகியது. ஆகவே கிண்டியின் புல்தரையில் ஒரு மரக்கன்று நடுவதும் முக்குருத்திச் சரிவில் ஒரு சீகை நடுவதும் விலங்கின் பார்வையில் ஒன்றே.

பார்க்கச் செல்வோர் அறிய வேண்டியவை

முக்குருத்தி, பேருந்தில் சென்று இறங்கிப் படம் எடுத்துத் திரும்பும் சுற்றுலா இடம் அல்ல. வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே செல்ல முடியாது. வரையாட்டை எளிதாகப் பார்க்க விரும்புவோர் மூணாறு அருகே இரவிகுளத்தின் ராஜமலைக்குச் செல்லலாம். குட்டி ஈனும் பருவத்தில் அதுவும் மூடப்படும். பயணத் தேதி முடிவு செய்யும் முன் அதைக் கேட்டறிய வேண்டும். ஆழியாறு – வால்பாறை மலைப்பாதையில் வரையாடுகள் சாலையோரத்துக்கே வரும். வண்டியை நிறுத்தித் தின்பண்டம் கொடுப்பது அன்பாகத் தோன்றலாம். ஆனால் மனிதரைக் கண்டு அஞ்சாத வரையாடு வண்டிச் சக்கரத்துக்கும் நெகிழிப் பைக்கும் இரையாகும். காட்டு விலங்குக்கு உணவளிப்பது சட்டப்படியும் குற்றம்.

மலை நடைப்பயணம் செல்வோர் 2018 மார்ச் 11-ஐ மறக்கக் கூடாது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் சென்னையிலிருந்து சென்ற இளைஞர்கள். காய்ந்த புல்வெளியில் தீ மனிதரை விட வேகமாக ஓடும். அந்தத் துயரத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். தீ அபாயக் காலத்தில் பாதைகள் மூடப்படும். அப்போது வேறு வழியில் ஏறிப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது.

நீலகிரிக்குச் செல்லும் வண்டிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை உண்டு. 2025 கோடையில் வார நாட்களில் 6,000 வண்டிகளுக்கும் வார இறுதியில் 8,000 வண்டிகளுக்கும் மட்டுமே அனுமதி என்று வரையறுக்கப்பட்டது. தி. நகரில் ஒரு தீபாவளி மாலையைப் பார்த்தவர்களுக்கு, ஒரு சிறிய இடத்தில் அளவுக்கு மீறிக் கூட்டம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

முடிவுரை

முக்குருத்தியின் வரலாற்றை நான்கு சொற்களில் சுருக்கலாம்: வேட்டை, நடவு, வேலி, மீட்பு. வேட்டையை நிறுத்த ஒரு சட்டம் போதுமானதாக இருந்தது. வேலியிடவும் ஓர் அரசாணை போதுமானதாக இருந்தது. ஆனால் நல்ல எண்ணத்தோடு நட்ட மரங்களின் விளைவைச் சரிசெய்ய, ஒவ்வோர் ஆண்டும் குனிந்து நாற்றுப் பிடுங்கும் கைகள் தேவைப்படுகின்றன. அந்த வேலை இன்னும் பல ஆண்டுகள் நீளும்.

மாணவர்கள் இனி இயற்கை பற்றிக் கட்டுரை எழுதும்போது "மரம் நடுவோம்" என்று எழுதட்டும். அதற்கு முன் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்: அந்த மண்ணில் முன்பு என்ன வளர்ந்தது என்று கேட்டுவிட்டு நடுவோம்.